ஆர்லன் குபிச்செக்கின் அதிகப்படிக் குதிரைகள்

கோரலி அரிசோனாவிலிருந்த தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பாமலிருந்த வருடம், அவள் புருஷன் ஆர்லன் குபிச்செக்கின் கடுகு நிறக் கார், யாரும் எஞ்சினைத் தொடாமலே, பதினொரு குதிரைத்திறன் கூடுதலாகக் கொடுத்தது. அந்த வசந்தத்தில் நெப்ராஸ்காவில் ஆலங்கட்டி மழை பலமாக அடித்தது, மக்காச்சோளம் விலை இறங்கியது, இதுவும் நடந்தது.

பிளாட் ஆற்றோரத்துப் பழைய விமானத் தளத்தில் சனிக்கிழமைகளில் பந்தயம் ஓட்டும் கிளப் ஒன்றில் அவன் இருந்தான். பல் வைத்தியர், டிராக்டர் மெக்கானிக், பள்ளி வாத்தியார் என்று எல்லோரும் ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். வலுத்த வண்டி இளைத்த வண்டியை மேய்ந்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு வசந்தத்திலும் குதிரைத்திறன் அளக்கும் எந்திரம் வைத்திருந்த ரோவீனாவின் கொட்டகையில் டைனோ பார்ப்பார்கள். சக்கரங்களை இரும்பு உருளைமேல் ஏற்றி, பட்டை போட்டுக் கட்டி முடுக்கினால், கார் நின்ற இடத்திலேயே அலறும். எத்தனை குதிரை என்று உருளை சொல்லும். அதை வண்டியின் எடையால் வகுத்துப் பார்த்து, எந்தப் பிரிவு என்று தீர்ப்பார்கள். ஐந்தாம் பிரிவுதான் அடிமட்டம். அங்கேதான் கூட்டமும் சிரிப்பும் அதிகம். ஒவ்வொரு பிரிவும் தனித்தனி வரிசையில் வண்டியை நிறுத்தி, தன் வரிசையிலேயே சாப்பிடுவது வழக்கம். ஐந்தாம் வரிசையில் ஆர்லனும் பக்கத்து வீட்டு டெல்பர்ட்டும் வருடக்கணக்காக ஒரே துணிப்பந்தலின் கீழ், பீன்ஸ் போட்ட கறிக்குழம்பையும் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியையும் பங்கிட்டுத் தின்றவர்கள்.

உருளை சொல்லும் எண்ணைக் குறைத்துக் காட்டத்தான் ஆட்கள் திருட்டு வேலை செய்வார்களே தவிர, கூட்டிக் காட்ட ஒருவரும் மெனக்கெட்டதில்லை. ஆகவே ஆர்லனை யாரும் சந்தேகிக்கவில்லை. கைகுலுக்கி நான்காம் வரிசைக்கு அனுப்பினார்கள். பாதையில் அவன் கார் பழைய வேகத்தில்தான் ஓடியது, நான்காம் பிரிவில் கடைசியாக வந்தது. அதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் அந்தக் கிளப்பில் கண்ணைவிட உருளைக்கு மரியாதை அதிகம். ஆர்லனுக்கு வேண்டியதெல்லாம் பழைய வரிசைக்குத் திரும்புவதுதான். குளிர்காலம் முழுக்கக் கராஜில் ஒண்டியாக உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்தான், வலுக் குறையட்டும் என்று காற்றுக் குழாயின் தொண்டையில் தகடு வைத்து அடைத்தான். வாசல்வரை பனி ஏறிக் கிடந்தது. ஒருவரும் வரவில்லை. வசந்தத்தில் உருளை இன்னும் கூட்டிச் சொன்னது. மூன்றாம் வரிசைக்குப் போனான். அடுத்த குளிர்காலமும் அப்படியே கழிந்தது, இரண்டாம் வரிசை. பிறகு ஒன்று. பிறகு முதல் பிரிவையும் தாண்டிப் போகவே, கிளப் அவனுக்கென்றே ஒரு பிரிவை உண்டாக்கியது. பச்சைக் கொடி அவன் ஒருவனுக்காக அசைந்தது. முதலாவதாகவும் கடைசியாகவும் அவனே வந்தான். பரிசு மேடையில் இரண்டு பக்கமும் படி காலியாக இருக்க, நடுப்படியில் நின்று போட்டோவுக்குச் சிரித்தான். குழம்பை ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டுபோய்க் காருக்குள் உட்கார்ந்து தின்றான்.

அதற்கடுத்த வசந்தத்தில் ரோவீனாவின் எந்திரத்தில் ஒரு ஒயர் பிடி கழன்றிருந்தது. யாராவது காருக்குள் இருந்து பிடித்துக்கொண்டால்தான் எண் வரும். பந்தயக் காரில் பக்கத்து இருக்கை ஏது? ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு ரோவீனாவே உட்கார்ந்தாள். ஒயரைப் பிடித்துக்கொண்டு, தன் கோழிகளில் ஒன்று பூனையைத் துரத்தியே இளைத்துப்போன கதையைச் சொன்னாள். எண் நாற்பது குதிரை இறங்கியிருந்தது. அவள் எந்திரத்தைத் தட்டவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஆர்லன், நீ கடைசியா யாருகிட்டப் பேசின?”

“இப்ப. உங்கிட்ட.”

“அதுக்கு முன்னாடி?”

அவன் யோசித்தான். “பெட்ரோல் பங்க்ல. எத்தனாவது பம்புன்னு கேட்டாங்க, சொன்னேன்.”

பக்கத்தில் ஆள் இருந்து பேசினால் எண் இறங்குகிறது என்று, விதிகளைப் பார்க்கும் கேலார்டிடம் அவள் சொன்னாள். அவர் அதை ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார். ரோவீனா கனத்துக்கு ஒரு மணல் மூட்டையை வாளிமேல் வைத்துப் பார்த்தார்கள். ஒரு குதிரைகூட இறங்கவில்லை. கேலார்டே ஏறி உட்கார்ந்து, காப்பீட்டு விதிகளைப் பற்றிப் பேசினார், இரண்டு இறங்கியது. “கேலார்ட் பேச்சுக்கு ரெண்டே ஜாஸ்திய்யா” என்று வாசலில் யாரோ சொன்னார்கள். பிறகு டெல்பர்ட்டைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

டெல்பர்ட் முழங்காலை மடக்கி வாளியில் உட்கார்ந்தான். ரோவீனா பட்டைகளை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டா, இத்தன வருஷமா வேலிக்கு அந்தப் பக்கந்தானே இருந்தேன்” என்றான் டெல்பர்ட். “ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?”

“நான் வேற வரிசைடா.”

“நடந்து வர்றதுக்குக் கால் இல்லயா உனக்கு?”

“உனக்கும் இருந்துச்சு.”

ஆர்லன் முடுக்கியதும் கொட்டகை அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு மேலாக டெல்பர்ட், தான் பிடித்து நழுவவிட்ட கெளுத்தி மீனைப் பற்றிக் கத்திக் கத்திச் சொன்னான். மீன் ஒவ்வொரு கியருக்கும் ஒரு சாண் வளர்ந்தது. ஆர்லன் சிரித்ததில் வண்டி குலுங்கியதா, எஞ்சினால் குலுங்கியதா என்று சொல்ல முடியாது. எண் இறங்கி இறங்கி, பழைய கணக்குக்கு மூன்று குதிரை மேலே வந்து நின்றது.

அந்த மூன்று மட்டும் போகவில்லை. பல் வைத்தியர் உட்கார்ந்தார், வாத்தியார் பாடினார், ரோவீனாவின் நாயைக்கூட ஏற்றிப் பார்த்தார்கள். யார் உட்கார்ந்தாலும் மிச்சம் மூன்று. ரோவீனா டெல்பர்ட்டைப் பார்த்து மெல்ல, “அது கோரலி விட்டுட்டுப் போனது. நம்மாலெல்லாம் இறங்காது, விடு” என்றாள். அதிகப்படி வலுவுக்கு ஈடாக எடை ஏற்றிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறதே என்றார் கேலார்ட். கணக்குப் போட்டார், ஐம்பத்து நான்கு ராத்தல் வந்தது. ஈயத்தை உருக்கிப் பலகையாக வார்த்து, ஓட்டுநருக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த தரையில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். ஆர்லன் ஐந்தாம் வரிசைக்குத் திரும்பினான். முதல் சனிக்கிழமை ஒன்பதாவதாக வந்தான். அவனுக்கு முன்னால் எட்டுப் பேர் இருந்தார்கள், பின்னால் ஆறு பேர். வலது வளைவுகளில் ஈயம் அவனை மெல்ல இழுத்தது; அதற்கேற்ப ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பழகிக்கொண்டான். வசந்தந்தோறும் டைனோவின்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச, கிளப் முறை வைத்து ஓர் ஆளை அனுப்பியது.

சில வருடம் கழித்து, அயோவாவிலிருந்து புதிதாக வந்த பரிசோதகர் காருக்குள் குனிந்து பார்த்து, இது எதற்கு என்று கேட்டார்.

“மூணு குதிரைக்கு” என்றான் ஆர்லன். “அது என்கூடவே இருக்கும்.”

பரிசோதகர் ஈயத்தை இரண்டு கையாலும் பற்றி ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. “போல்ட் இறுக்கமா இருக்கு. போலாம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்குக் கை காட்டினார்.