வாசனை இல்லாத சோப்பு

புறங்கையில் தடவிய நுரை காய்கிறதா என்று பார்த்தபடி பாலிஷ்காரர் கடையில் நின்றிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கடைக்காரம்மா, மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடிக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இழுக்குதா?”

“என்னது?”

“தோலு சார். நுரை காயக் காய தோலைப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கா?”

“ஆமா. லேசா.”

“அப்ப இது வேணாம்.” ஈரத்துணியால் அவர் கையைத் துடைத்துவிட்டு அந்த டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளினாள். அதற்கு முன்னால் வேண்டாமென்று தள்ளியவை அங்கே ஏற்கெனவே வரிசை கட்டி இருந்தன. வட்டமாக, குச்சியாக, குழாயில் அடைத்ததாக எத்தனையோ வகை. சவரம் என்ற ஒரு காரியத்துக்கு இவ்வளவு சாமான் இருப்பதே பாலிஷ்காரருக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவர் வழக்கம் வேறு. குளியலறையில் எந்தச் சோப்பு கிடக்கிறதோ அதைக் கன்னத்தில் நாலு இழுப்பு இழுத்து, ரேசரால் சுரண்டிவிட்டு வந்துவிடுவார். அதுவும் நினைத்துக்கொண்டால்தான்.

“கல்யாணமா சார்?”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். இவ்ளோ பொறுமையா சோப்பு பாக்கறவங்க ஒண்ணு மாப்பிள்ளையா இருப்பாங்க, இல்லன்னா ஏதாவது தப்பு பண்ணிட்டு வீட்டுக்குப் போறவங்களா இருப்பாங்க.”

பாலிஷ்காரருக்குச் சிரிப்பு வந்தது. தான் அந்த இரண்டாவது ரகம் என்றும் பட்டது. “என் வீட்டுக்காரிக்காகப் பாக்கறேன்,” என்றார்.

“அவங்களுக்கு எதுக்கு ஷேவிங் சோப்பு?”

அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. அவர் மர சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். கரடான உப்புத்தாளில் தொடங்கி, நயமான தாளுக்கு வந்து, எண்ணெய் விட்டு, மெழுகு தேய்த்து, கடைசியில் குனிந்து கண்ணுக்குக் கீழே முடி முளைக்காத இடத்தை மேசையின் மேல் வைத்துப் பார்ப்பார். தின்னரும் ஸ்பிரிட்டும் பட்டு விரல்கள் மரத்துப்போனதால், கையை விடக் கன்னத்தைத்தான் நம்புவார். கன்னம் சரி என்று சொன்னால்தான் சாமான் பட்டறையை விட்டுப் போகும். அவர் மனைவி ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது இதைப் பார்த்துவிட்டாள். “ஊர்ல இருக்கற மேசைக்கெல்லாம் கன்னத்தைக் குடுங்க. வீட்டுக்கு வர்றப்ப மட்டும் முள்ளம்பன்றியா வாங்க,” என்றாள். பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு முள்ளம்பன்றி என்றே பெயர். அதற்குள் ஒரு கோரிக்கை இருந்தது என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அவள் முன்னறையில் கட்டிலில் கிடக்கிறாள். மருந்துகள் நோயை விட்டுவிட்டு அவள் தோலைத்தான் தின்றன. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போர்வை விளிம்பு பட்டால்கூட எரிகிறது. அவர் உள்ளங்கை வெடிப்பு வெடிப்பாக இருக்கும், அதனால் தொடப் பயம். முந்தாநாள் மனசு தாங்காமல் குனிந்து அவள் கன்னத்தில் கன்னத்தை வைத்தார். “ஸ்ஸ்” என்று அவள் முகம் சுருங்கியது. உடனே, “ஒண்ணுமில்லங்க, குத்திடுச்சு,” என்று அவளே அவருக்குச் சமாதானம் சொன்னாள். தன் உடம்பில் அவளைத் தொடுகிற மாதிரி ஓர் இடம்கூட இல்லையே என்று அன்றைக்கு முழுவதும் அவருக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

இதையெல்லாம் அவர் கடைக்காரம்மாவிடம் சொல்லவில்லை. “அவளுக்கு உடம்பு முடியல. தோல் ரொம்ப மெல்லிசாயிடுச்சு. என் முகம் குத்துது,” என்று மட்டும் சொன்னார்.

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு கேலி இல்லை. மேசையில் கிடந்தவற்றில் பாதியை அள்ளி அலமாரியில் வைத்தாள். “வாசனை போட்டது எதுவும் வேணாம் சார், அவங்களுக்குக் குமட்டும். ஜில்லுன்னு இருக்கும்னு போட்டிருக்கறதும் வேணாம், அது உங்களுக்கே எரியும்.” கீழ்த்தட்டில் கையை விட்டு ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே வெள்ளையாக, எழுத்துகூடப் பொறிக்காத சோப்பு. “பாக்க ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும். ஆனா எண்ணெய்ச் சத்து ஜாஸ்தி, கிளிசரினும் இருக்கு. ஷேவ் பண்ணி முடிச்சாலும் தோல்ல ஈரம் நிக்கும்.”

பிரஷ்ஷை நனைத்து, குழைத்து, அவர் புறங்கையில் தடவினாள். காத்திருந்தார்கள். இழுக்கவில்லை. துடைத்த பிறகு தடவிப் பார்த்தார். தின்னர் பட்டு வெளுத்துக் கிடந்த தோல் அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறி, மெத்தென்று இருந்தது.

“தோல் குடிக்குது,” என்றார்.

“என்ன சார்?”

“நல்ல எண்ணெய்னா மரத்து மேல நிக்காது. மரம் குடிச்சிடும். அந்த மாதிரி இருக்கு.”

“அதேதான். ஆனா அவசரப்படாதீங்க. நுரையைப் போட்டுட்டு கொஞ்ச நேரம் ஊற விடுங்க. மொதல்ல முடி போற போக்குல ஒரு தடவை. மறுபடி நுரை போட்டு எதிர்ப்பக்கமா ஒரு தடவை. அப்பதான் தடவினா ஒண்ணும் தெரியாது.”

அவசரப்படாதீங்க என்று அவரிடம் சொல்லவே தேவையில்லை. பாலிஷ் காயும்வரை அடுத்த பூச்சைத் தொடமாட்டார் என்று பட்டறையில் பேர் வாங்கியவர். டப்பாவையும் ஒரு பிரஷ்ஷையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தபோது, நெடுநாளைக்குப் பிறகு அவருக்கு ஒரு உற்சாகம் வந்திருந்தது. இவ்வளவுதானா காரியம், ஒரு கடைக்குப் போய் நின்றால் முடிகிற விஷயமா என்று வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டும் வந்தார்.

மனைவி விழித்திருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் அவள் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கங்க போனீங்க?”

“கடைக்கு. சோப்பு வாங்க.”

“வீட்லதான் இருக்கே.”

“இது முகத்துக்கு.” டப்பாவைத் திறந்து அவள் மூக்கருகே காட்டினார்.

“வாசனையே இல்ல.”

“உனக்காகத்தான்.”

அவள் சோப்பைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. வறண்ட உதடு சிரிப்பில் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. “முள்ளம்பன்றிக்கு வந்த வாழ்வைப் பாரு,” என்றாள் மகளிடம். மகள் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

பாலிஷ்காரர் எழுந்தார். கட்டில் விரிப்பின் மேல் மனைவியின் விரல்கள் அசைந்தன.

“அப்புறம் பண்ணிக்கலாம். இப்படி உக்காருங்க.”

“இதோ வந்துடறேன்.”

“இப்பவே உக்காருங்களேன்.”

“குத்தும்டி. பண்ணிட்டு வந்து உக்கார்றேன். அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டேன், போதுமா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

வெந்நீரில் பிரஷ்ஷை ஊறவைத்தார். சோப்பைக் குழைத்தார். முகம் முழுக்க நுரையைப் பூசிக்கொண்டு, கடைக்காரம்மா சொன்னபடி ஊறவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். முன்னறையில் பேச்சுக் குரல் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. இன்றைக்கு நன்றாகப் பேசுகிறாள் என்று சந்தோஷப்பட்டார். பிறகு முடி போகிற போக்கில் மெதுவாக மழித்தார். கழுவிவிட்டு விரலின் பின்பக்கத்தால் தடவிப் பார்த்தார். நன்றாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே துண்டை எடுத்திருப்பார்கள். அவர் எதிர்ப்பக்கமாக ஒருமுறை தடவினார். தாடையோரம் சன்னமாக ஒரு சொரசொரப்பு. ‘ஸ்ஸ்’ என்று சுருங்கிய முகம் கண்முன் வந்தது. பாதி வேலையை அவர் எந்த வாடிக்கைக்காரரிடமும் கொடுத்ததில்லை. இவளிடமா கொடுப்பார்? மறுபடி நுரை போட்டு, அதையும் ஊறவிட்டார்.

இடது பக்கம் முடிந்தது. ரேசரைக் கழுவி வலது பக்கம் கொண்டுபோனபோது, “அப்பா!” என்று மகள் கத்தினாள்.

நுரையோடு ஓடிவந்தார். மகள் எழுந்து நின்றிருந்தாள். கரண்டி தரையில் கிடந்தது. பாலிஷ்காரர் குனிந்து மனைவியைக் கூப்பிட்டார். தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். வெடித்த உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தே கூப்பிட்டார். அவர் தாடையிலிருந்து ஒரு சொட்டு நுரை தலையணையில் விழுந்தது.

மகள்தான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மிச்ச நுரையைத் துண்டால் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே அழுதாள்.

“உங்களைத்தான்ப்பா கேட்டாங்க. இன்னும் வரலையான்னு கேட்டாங்க. வந்துடுவாரும்மான்னு சொன்னேன். கண்ணை மூடிட்டு மறுபடியும் கேட்டாங்க. கூப்பிட்டிருக்கணும்ப்பா நான். சத்தமா ஒரு குரல் குடுத்திருக்கணும்.”

“நீ என்னம்மா பண்ணுவ,” என்றார்.

கொஞ்ச நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. பட்டறை ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். மனைவியின் அக்கா வந்து அழுது ஓய்ந்து, சமையலறையில் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தது நடையில் நின்ற பாலிஷ்காரர் காதில் விழுந்தது.

“கடைசி நேரத்துல உங்கப்பா எங்கடி இருந்தாரு?”

“பாத்ரூம்ல பெரியம்மா. ஷேவ் பண்ணிட்டு இருந்தாரு.”

“நல்ல நேரம் பாத்தாரு, மொகத்தை மினுக்கறதுக்கு.”

“அப்படியெல்லாம் இல்ல பெரியம்மா, அப்பா வந்து...” என்று மகள் ஆரம்பித்தாள். சமையலறைக்கு வெளியே நடையில் அப்பா நிற்பதைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் தலையசைத்தார். திரும்பிப் பார்த்த பெரியம்மா அவரைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

அக்கா கேட்டதில் தப்பென்ன என்றுதான் அவருக்கு இருந்தது. குத்தினால் என்ன? குத்துகிற முகத்தோடுதானே மனைவி இத்தனை காலம் குடித்தனம் பண்ணினாள். உட்காருங்கள் என்று கேட்டவளுக்கு மழமழப்பு வேண்டியிருக்கவில்லை, ஆள்தான் வேண்டியிருந்தது. அது தெரியாமல் தாடையோரத்துச் சொரசொரப்பைத் தேடிக்கொண்டிருந்தோமே. முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால்கூடப் போதுமே, போய் உட்கார்ந்திருக்கலாமே என்று அங்கேயே மறுபடி மறுபடி வந்து நின்றது மனசு. யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். என்ன பதில் சொன்னோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

வெயில் தாழ்ந்தபோது வண்டி வந்தது. தூக்குவதற்கு வந்த ஆட்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

“அப்பா,” என்றாள் மகள். “கடைசியா ஒருதடவை பாத்துக்கோங்கப்பா.”

பாலிஷ்காரர் கட்டில் ஓரமாக மண்டியிட்டார். குனிந்து தன் இடது கன்னத்தை அவள் கன்னத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது. அவள் முகம் சுருங்கும் என்று பழக்கத்தில் காத்திருந்தார். சுருங்கவில்லை. கன்னம் வழுவழுவென்றுதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அறையில் யாரோ விசும்பினார்கள். வெளியே வண்டி ஓட்டுநர் கதவைத் திறந்துவைக்கும் சத்தம் கேட்டது. மகள் அவர் தோளைத் தொட்டாள்.

“போதும்ப்பா.”

அவர் எழுந்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பி, ரேசர் இரண்டாம் முறை போகாத வலது கன்னத்தை அவள் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் குத்தும்.