தொடைப்பங்கு

புதர் அசைந்தது, துப்பாக்கி வெடித்தது. உள்ளே இருந்தது யேசுதாஸ்.

அண்ணன் ஜெயராஜ் சூரைமுள்ளை விலக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது, தம்பி ஒரு களாச்செடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வலது தொடையில் வேட்டி நனைந்துகொண்டே வந்தது. காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தவன் இப்போது வாயைத் திறக்கவில்லை. சுட்டவர் ஊர்ப்பெரியவர் வரதனுடைய மச்சினர், மதராசிலிருந்து ஜீப்பில் வந்திருந்தவர். பன்றி என்று நினைத்தேன் என்றார். அந்தக் காட்டில் பன்றி இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அது அறுபத்தேழாம் வருஷத்துக் காணும் பொங்கல். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே கள்ளிமேட்டில் அன்றைக்கு வேட்டைக்குப் போவது வழக்கம். ஊர்க்காரர்கள் காட்டின் ஒரு ஓரத்தில் வலை கட்டிக்கொண்டு நிற்பார்கள். காலனிக்காரர்கள் எதிர் ஓரத்திலிருந்து தகரம் தட்டி, கூச்சல் போட்டு, வெறுங்காலோடு முள்ளுக்குள் புகுந்து காட்டைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். விழுந்ததை எல்லையம்மன் கோயில் வாசலில் வைத்துப் பங்கு போடுவார்கள். தலை கோயிலுக்கு, வலத்தொடை வரதன் வீட்டுக்கு, மற்றது வலை பிடித்தவர்களுக்கு. குடல் காலனிக்கு. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அம்மன் வேட்டைக்குக் காடு கலைக்கலாமா என்று பாதிரியார் ஒரு தரம் கேட்டார். வரதன் நிலத்தில் வேலை செய்கிறவர்கள் கலைக்காமல் இருக்க முடியுமா என்று ஜெயராஜின் அப்பா திருப்பிக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த அப்பா காலத்தில் புள்ளிமான் விழுந்ததுண்டு. பிறகு மதராஸ் கார்கள் வரத் தொடங்கின. விளக்கடித்துச் சுட்ட மான்கள் விடிவதற்குள் பட்டணம் போய்ச் சேர்ந்தன. விறகுக்கென்று பாதிக் காடு ரயிலேறியது. கோழி திருடுகிறதென்று நரிகளுக்கு விஷம் வைத்தார்கள். ஊளை நின்றுபோன வருஷத்திலிருந்து வேர்க்கடலைக் கொல்லைகளில் பெருச்சாளி பெருகி, விளைந்ததில் பாதியை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டது. காட்டில் ஒன்றுமில்லை என்பது வரதனுக்கும் தெரியும். ஆனாலும் வேட்டை இல்லாவிட்டால் பங்கு இல்லை. பங்கு இல்லாவிட்டால், யார் பெரியவர் என்பதை ஊர் கூடிப் பார்க்கிற நாள் எது?

ஜீப்பில் ரத்தம் படும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மாட்டுவண்டியைத்தான் கட்டினார்கள். தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெயராஜ் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது பின்னால் பறை முழங்கியது. அன்றைக்குக் கிடைத்தது ஒரே ஒரு முயல். அதை மூங்கிலில் கட்டி, மானைத் தூக்குவதுபோல இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனார்கள்.

டாக்டர் ரவைகளை எடுத்தார். எலும்பை ஒட்டி ஒன்றை விட்டுவிட்டார், தொட்டால் கால் போய்விடும் என்றார். யேசுதாசுக்கு எண்ணூரில் கட்டிக்கொண்டிருந்த மின்நிலையத்தில் கலாசி வேலைக்குச் சொல்லிவைத்திருந்தது. தை முடிந்து போய்ச் சேர வேண்டும். இரும்பு தூக்குகிற வேலை. இனிமேல் தூக்கலாமா என்று அவன் கேட்டான். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஜெயராஜ் வீடு திரும்பியபோது, அவன் மனைவி ரோசம்மாள் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். உறியில் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருந்தது.

"வரதன் ஊட்லருந்து குடுத்தனுப்பினாங்க" என்றாள். "வலத்தொடையாம்."

காலனிக்கு இதுவரை தொடைக்கறி வந்ததில்லை. அப்பா இருந்திருந்தால் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார் என்று ஜெயராஜுக்குத் தோன்றியது. உள்ளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்ததும் உண்மை. ஒரு கணம்தான். உடனே உடம்பு கூசியது.

"தொடைக்குத் தொடையா?" என்று ரோசம்மாள் கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அவன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனான். வரதன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி எப்படியிருக்கிறான் என்று விசாரித்தார். செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஜெயராஜ் பொட்டலத்தைப் படிமேல் வைத்தான்.

"இது பெரியவங்க பங்குங்கய்யா. எங்களுக்கு வழக்கமில்ல."

"நானாத்தான குடுக்கறேன். எட்த்துக்கினு போடா."

"எந்தம்பி காலுக்குப் பதிலா குடுக்கறதுன்னா வேணாங்கய்யா."

வரதன் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஜெயராஜ் திரும்பி நடந்தான். இலையில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது.

கேஸ் கொடுக்கலாம் என்று பாதிரியார் சொன்னார். உழுகிற நிலம் யாருடையது என்பதை நினைத்து ஜெயராஜ் பேசாமல் இருந்துவிட்டான். அந்த மௌனத்துக்காக அவன் தன்மேலேயே கசந்துகொண்டது யாருக்கும் தெரியாது. எண்ணூர் வேலைக்கு யேசுதாசுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரன் போனான். அவன் பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். சனிக்கிழமை ரயிலில் பேண்ட் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள், வரதனைக் கண்டால் ஒதுங்காமல் நடந்தார்கள். யேசுதாஸ் ரயிலடியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினான். மழைநாளில் எலும்பை ஒட்டிய ரவை குத்தும்போது மட்டும் வேலையை நிறுத்திவிட்டுக் காலைப் பிடித்துக்கொள்வான்.

அடுத்த பொங்கலுக்கு முன்னால் வரதன் காலனிக்கு வந்தார். ஆள்விட்டுக் கூப்பிடுவதுதான் வழக்கம். அவரே வந்து நின்றதில்லை. ரோசம்மாள் முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அதில் உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் அதன் பக்கத்திலேயே நின்றார்.

"இன்னாப்பா ஜெயராஜி, காடு கலைக்க ஆளு வோணுமே."

'டா' எங்கே போயிற்று என்று ஜெயராஜ் யோசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து யேசுதாஸ் காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"வர்றோங்க" என்றான். "நாங்க வலை புடிச்சிக்கினு நிக்கறோம். இந்த வாட்டி நீங்க கலைங்க."

அவன் சிரிக்கவில்லை. வரதனும் கோபப்படவில்லை. முக்காலியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

காணும் பொங்கலன்று காலனியிலிருந்து யாரும் வேட்டைக்குப் போகவில்லை. பறையும் இல்லை, பறையடிக்கிறவர்களும் காலனிக்காரர்கள்தான். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் வலைக்கு நின்றார்கள், பாதிப் பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். காலனி ஜனங்கள் அறுவடையான வயல் வரப்பில் வந்து நின்று கேட்டார்கள். தகரச் சத்தம் கொஞ்சம் வரும், நின்றுவிடும். யாரோ முள்ளைத் திட்டுவது கேட்கும். பிறகு மெலிந்த ஒரு கூச்சல். ரோசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தொண்டை தன்னால் அரித்தது. ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும், காடு முழுக்கத் திரும்பிவிடும் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

அப்போது வலை இல்லாத இந்தப் பக்கத்தில் புதர் அசைந்தது. யாரும் விரட்டாமல், மெள்ள, ஒரு கௌதாரிக் கூட்டம் தாளடி வயலுக்குள் நடந்து வந்தது. முதலில் வந்தது நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. யேசுதாஸ் தன் ஊன்றுகோலைச் சத்தமில்லாமல் வரப்பின்மேல் படுக்கவைத்தான். பறவைகள் உதிர்ந்த நெல்லைக் கொத்தியபடி, நின்றிருந்தவர்களின் கால்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.