ஒளி செத்த முள்

பழைய கைக்கடிகாரத்தைப் பிரித்து, எது கம்பெனி போட்டது, எது பிற்பாடு யாரோ செருகியது என்று கண்டுபிடிப்பதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மேசை, மேசைமேல் விளக்கு. இப்போது மேசைக்கும் அவளுக்கும் நடுவே ஐந்து மாத வயிறு. எத்தனையோ வருஷம் காத்திருந்து தங்கிய கரு என்பதால் மாமியார் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் பிரித்துப் போட்டிருந்தது, ஓய்வுபெற்ற கப்பல்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ராணுவக் கடிகாரம். எது அசல் என்று பார்த்துச் சொல்லிவிட்டு சர்வீஸ் செய்யச் சொல்லியிருந்தார். உள் இயந்திரம் அத்தனையும் அசல். கழுவி, எண்ணெய் விட்டு, பூட்டியும் விட்டாள். சாவி கொடுக்கும் திருகு மட்டும் புதுசு. சந்தேகமெல்லாம் முட்களில்தான்.

புறஊதா விளக்கை அடித்துப் பார்த்தாள். இருட்டில் தெரிவதற்காக மணி முள்ளில் தடவிய பூச்சு பச்சைப் பசேலென்று எரிந்தது. அது பிற்காலத்து முள். நிமிட முள் பழுப்பேறிப் பிணம்போல் கிடந்தது. அப்படியென்றால் அதுதான் பழசு. ரேடியம் பூச்சு கதிர்வீச்சு விடும், இருட்டில் தானாகவே ஒளிரும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இது ஒளிரவில்லை, ஆகவே ரேடியம் இல்லை என்று முடிவு கட்டினாள். மரக்குச்சியால் மெல்லச் சுரண்டினாள். பொருபொருவென்று தூள் உதிர்ந்தது. குனிந்து ஃபூவென்று ஊதினாள்.

அப்புறம்தான் கப்பல்காரருக்கு போன் போட்டாள்.

“மணி முள்ளு மாத்தினது சார். நிமிஷ முள்ளு அசல்தான், பூச்சுதான் செத்துப்போச்சு. சுரண்டிட்டுப் புதுசு பூசிடட்டுமா?”



“சுரண்டிட்டியாம்மா?”

“கொஞ்சம்.”

“முதல்ல ஃபேனை நிறுத்து. அது ரேடியம். வெளிச்சம்தான் சாகும், ரேடியம் சாகாது. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்பு என்மேல. வாய்க்குள்ள எதுவும் போகலையே?”

ஊதியவள் பிறகு மூச்சை உள்ளே இழுக்காமலா இருந்திருப்பாள்? மின்விசிறியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். இரண்டு கைகளும் உடம்பில் படாமல் விலகி நின்றன. அந்நேரம் பார்த்து வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. வழக்கமாக உடனே கை அங்கே போய்விடும். இன்று போகவில்லை.

பின்கட்டிலிருந்து மாமியார் துடைப்பத்தோடு வந்தாள். “ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? தள்ளு, கீழ ஒரே தூசி.”

“உள்ள வராதீங்க!”

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் மாமியாரிடம் குரல் உயர்த்தியதே இல்லை. மாமியாரின் முகம் சுண்டிப்போயிற்று. “என் வீட்டுல என்னையவா?” என்று ஆரம்பித்தவள், மருமகளின் உதடு கிடுகிடுவென்று ஆடுவதைப் பார்த்துத் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“அத்தை, விஷத்தூள். கூட்டினா பறக்கும். என் கையெல்லாம் பட்டிருக்கும், உங்க போன்ல உங்க பொண்ணைக் கூப்பிடுங்க.”

கணவன் லாரியோடு எங்கோ போயிருந்தான். அவன் தங்கை ஆஸ்பத்திரியில் கதிரியக்கப் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் வரும்வரை வாசற்படிக்கு அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் மருமகள். தூள் மற்ற இடமெல்லாம் ஒட்டிவிடும் என்றுதான் வெளியே வரவில்லை. மருமகள் மூச்சைக்கூடச் சின்னச் சின்னதாகத்தான் விட்டாள்.

நாத்தனார் முகமூடியும் கையுறையுமாக வந்து கதிர்வீச்சு அளக்கும் ஒரு சிறு கருவியை நீட்டினாள். மேசைமேல் கொண்டுபோனதும் அது கரகரவென்று கத்தியது. மேசைத் துணியிலும் கத்தியது. வலது கைச்சட்டையிலும் கத்தியது.

“முகத்தைக் காட்டுங்க அண்ணி.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். மூக்கருகே, உதட்டருகே கருவி எப்போதாவது ஒரு டக் போட்டது, அவ்வளவுதான்.

“ஒண்ணுமில்லையா?”

“தோல்மேல இல்ல. உள்ள போயிருந்தா இதுக்குத் தெரியாது. அதுக்குத் தனியா டெஸ்ட் எடுக்கணும். பொய் சொல்ல மாட்டேன் அண்ணி.”

துணிகளைப் பைக்குள் போட்டுக் கட்டினார்கள். அவள் தலையோடு குளித்தாள். ஈரத்துணியால் அறை முழுக்கத் துடைத்தது நாத்தனார்தான். அண்ணியை மறுபடி உள்ளே விடவில்லை. டெஸ்டுக்குச் சிறுநீர் கொடுத்துவிட்டு வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிட்டால் சோற்றோடு சேர்ந்து உள்ளே இருக்கும் விஷமும் குழந்தைக்குத்தானே போகும் என்று கிறுக்குத்தனமாக யோசித்தாள். விஷயம் தெரிந்து ஓடிவந்த கணவன், “இருட்டுல பிள்ளையைத் தேட வேண்டியதில்ல, தானே மினுங்கும்” என்றான். அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இடையில் கப்பல்காரர் வந்து, வாசலிலேயே நின்று, தகர டப்பாவில் அடைத்த கடிகாரத்தை வாங்கிப் போனார். நிமிட முள் தனிப் பையில் இருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குக் கூசியது.

நாத்தனாரின் போன் வந்தபோது அவளால் எடுக்க முடியவில்லை. மாமியார்தான் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

“அண்ணி, எல்லார் உடம்புலயும் இருக்கற அளவுதான் இருக்காம். பயப்பட ஒண்ணுமே இல்லைன்னு டாக்டர் எழுதியே கொடுத்துட்டாரு.”

அவள் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். “இன்னொரு தடவை சொல்லு.”

நாத்தனார் சொன்னாள். முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் மாமியார் போனைப் பிடுங்கினாள். “எனக்கும் சொல்லுடி.”