ஆமைப் பட்டம்

பொது விதிக் குழுவில் அவளுக்கு அது கடைசிக் கூட்டம். அடுத்த மாதம் ஓய்வு. இரும்பு வெட்டும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியின் பொறியாளராக முப்பது வருடம் இந்த நீள மேஜையில் முழங்கை தேய்த்தவள். வெளியே ஒருவர் காலை ஒருவர் வாரும் கம்பெனிகள் இங்கே மட்டும் கூடி உட்கார்ந்து, யார் செய்த இயந்திரமானாலும் எந்தத் தொழிற்சாலைக் கம்ப்யூட்டரோடும் ஒரே பாஷையில் பேசும்படி விதி எழுதும். லேசுப்பட்ட வேலையா அது! ஒருவர் மறுத்தாலும் விதி நகராது.

கம்ப்யூட்டர் கேட்டால் இயந்திரம் இரண்டு வினாடிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது பழைய விதி. அதை அரை வினாடியாகக் குறைக்கலாமா என்பதுதான் இன்றைய பேச்சு.

அந்த இரண்டு வினாடி வந்த கதை அவளுக்குத் தெரியாதா என்ன? முதல் சோதனை நாளில் ஐந்து கம்பெனிகளின் இயந்திரங்களை ஒரே கேபிளில் மாட்டினார்கள். அவளுடையது பதில் சொல்ல ஒன்றேமுக்கால் வினாடி எடுத்தது. அரை வினாடி என்று எழுதியிருந்தால் அவள் பிரிவையே இழுத்து மூடியிருப்பார்கள். போட்டிக்காரர்கள் முன்னால் அதைச் சொல்ல வாய் வருமா? காலி டம்ளரையே எடுத்து வாயில் வைத்தாள். அப்போதுதான் பக்கத்து நாற்காலி முட்டுக்கட்டை கையைத் தூக்கினார். எதற்கெடுத்தாலும் மறுக்கும் எதிர்க் கம்பெனிக்காரருக்குக் குழு வைத்த பெயர் அது.

"எங்க மெஷின் கொஞ்சம் மந்தம்ங்க. ரெண்டு வினாடி குடுங்க."

அப்பாடா என்றிருந்தது. அதோடு விட்டாளா? அவர் சாகும்வரை, "என்ன ஆமை சார், எழுந்தாச்சா?" என்று ஒரே கிண்டல். அவரும் சிரித்துக்கொண்டே அவளுக்கு டீ ஊற்றிக் கொடுப்பார். அந்த டீயும் சண்டையுமான நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருந்தது.

சோதனையில் வந்த வினாடிக் கணக்கை அவரவர் மட்டுமே பார்க்கலாம் என்பது குழுவின் வழக்கம். முப்பது வருடம் ஆகிவிட்டதே என்று செயலாளர் இன்று பழைய தாளை எல்லோருக்கும் கொடுத்திருந்தார். முட்டுக்கட்டையின் வரியில் விரலை வைத்தாள். வினாடியில் பத்தில் ஒரு பங்கு.

படுபாவி மனுஷன்! கண் நிறைந்துவிட்டது. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே.

"யாருக்காவது மறுப்பு உண்டா?" என்றார் தலைவர்.

மேஜைக் கடைசியில், புதிதாகச் சேர்ந்த சின்னக் கம்பெனிக்காரர் காலி டம்ளரை மறுபடி வாயில் வைத்தார். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கையைத் தூக்கினாள். "எங்க புது மெஷின் கொஞ்சம் மந்தம்ங்க. ரெண்டு வினாடி அப்படியே இருக்கட்டும்."

கண் இமைக்குமுன் பதில் சொல்லும் இயந்திரம் அது.

தலைவர் அலுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "சரியான ஆமை," என்று யாரோ முணுமுணுக்க, மேஜையே சிரித்தது. சின்னக் கம்பெனிக்காரரும் மூச்சு வந்தவராகச் சேர்ந்து சிரித்தார்.

சிரிக்கட்டும் என்று அவருக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தாள்.