பின்னால் நின்ற நர்ஸ்

பன்னிரண்டாவது நிமிடம், நாற்பதாவது விநாடி. கதாநாயகனின் இதயம் நின்றது. வகுப்பில் முப்பது பேர். இருபத்தொன்பது பேர் கையைத் தூக்கினார்கள்.

"ஒவ்வொருத்தரா," என்றார் ஆசிரியை.

நர்சிங் கல்லூரியில் ஆறு வருடமாக இந்த சினிமாவின் ஆஸ்பத்திரிக் காட்சியைப் போட்டுக் காட்டுகிறார். ஒலி இருக்காது. தப்பு கண்ணில் பட்டால் கை தூக்க வேண்டும். படத்தை நிறுத்திக் கரும்பலகையில் ஒரு புள்ளி வைப்பார்.

"டாக்டர் முழங்கைய மடக்கி மடக்கி அமுக்கறாரு மேடம். மாவு பிசையற மாதிரி."

புள்ளி.

"மானிட்டர்ல கோடு படுத்துருச்சு. அதுக்கப்புறம் ஷாக் குடுத்து என்ன பிரயோஜனம்?"

புள்ளி.

"நர்ஸா வர்ற கதாநாயகிக்குக் கண்ணுல அவ்வளவு தண்ணி வருது. கை கழுவ ஒரு சொட்டு வரல."

வகுப்பு சிரித்தது. பதினேழு புள்ளிகள். எந்த வருடமும் பதினேழுதான்.

கை தூக்காதவள் கடைசி பெஞ்சில் இருந்தாள். சிலை என்று கூப்பிடுவார்கள். வார்டில் கட்டில் பக்கத்தில் நிறுத்தினால் உறைந்துவிடுவாள். சலைன் ஏற்றும் செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது தேர்வு நாளைக் காலை. அதிலும் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஆசிரியைதான்.

"நீயும் ஏதாவது சொல்லேன் சிலை," பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமா?"

சிலை எழுந்தாள்.

"தப்பு இல்ல மேடம். சரியா ஒண்ணு இருக்கு. சொல்லலாமா?"

ஆசிரியை சாக்பீஸோடு திரும்பினார். இப்படி யாரும் கேட்டதில்லை.

"கதாநாயகிக்குப் பின்னால இன்னொரு கட்டில் இருக்கு. அங்க ஒரு அக்கா நிக்கறாங்க பாருங்க."

படத்தைப் பின்னால் ஓட்டினார். மங்கலாக ஒரு துணை நடிகை, நர்ஸ் உடையில். கைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தாள். சலைன் பாட்டிலின் லேபிளைப் படித்தாள். நோயாளியின் மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையைத் திருப்பிப் படித்தாள். மறுபடி லேபிள். குழாயில் சலைனை ஓடவிட்டு, குமிழியை விரலால் சுண்டி வெளியேற்றினாள். முன்னால் கதாநாயகன் செத்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நிஜ நர்ஸ் மேடம் இவங்க!"

"ஆள் பத்தலைன்னு டூட்டில இருந்து புடிச்சுட்டு வந்திருப்பாங்க."

"நடிக்கக் கூப்பிட்டா வேலை பாத்துட்டுப் போயிருக்கா மகராசி!"

மூன்று முறை போட்டார்கள். முகம் பிடிபடவில்லை. ஆசிரியை படத்தின் கடைசிக்கு ஓட்டி, மேலேறும் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். துணி துவைத்தவர் பெயர்கூட இருந்தது. நர்ஸ் என்று யாரும் இல்லை.

ஆறு வருடம். அவர் கண்ணில் ஒரு முறைகூடப் பட்டதில்லை.

மணி அடித்தது. எல்லாரும் போனார்கள். சிலை மட்டும் நின்று புரொஜெக்டர் ஒயரைச் சுற்றினாள்.

"அரை நிமிஷக் காட்சி. அதுல இவ்வளவும் பாத்திருக்க," என்றார் ஆசிரியை. "நோயாளி பக்கத்துல நின்னா மட்டும் என்ன ஆகுது உனக்கு?"

"அந்த அக்காவ யாருமே பாக்கல மேடம். கேமராகூட ஒழுங்காப் பாக்கல. அதான் கை அது பாட்டுக்கு ஓடுது. என்கிட்ட நீங்க பேனாவும் தாளுமா நின்னு என் விரலையே பாக்கறீங்க."

"பாக்காம எப்படிம்மா மார்க் போடறது?"

அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தாள்.

"நாளைக்கு எல்லாம் தயார் பண்ணிட்டு, ஏத்தறதுக்கு முன்னாடி கூப்பிடறேன், வந்து சரிபாருங்க. அதுவரைக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிறீங்களா மேடம்?"