சிவப்பு பல்பின் கீழ்

ஒன்பது நாளும் நான்கு மணி நேரமும் நான் வீட்டில் இல்லை. புனேயில் ஆய்வகப் பயிற்சி. தாராவிக்குத் திரும்பியதும் முதலில் பரணில் ஏறினேன். பெட்டிக்குள் நான் வளர்க்கும் விஷமில்லாத கார்ன் ஸ்நேக் பாம்பு சுருண்டு கிடந்தது. சூட்டுக்காக மாட்டிய சிவப்பு பல்பைத் தவிர அங்கே வேறு வெளிச்சம் கிடையாது. அதன் கீழ் என் கைகூடச் சிவப்புதான்.

எடுத்தேன். எடை குறைந்திருந்தது. வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்தேன்.

ஆரஞ்சு உடம்பு. சிவப்புத் திட்டுகள். கண்ணும் சிவப்பு. கறுப்பு நிறமி இல்லாத இந்த வகைக்கு அமெல் என்று பெயர்.

என்னுடையது அனெரி. அதில் சிவப்பு நிறமியே கிடையாது. சாம்பல் உடம்பு, கறுப்புக் கண். தொண்டையில் இப்போதுதான் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது.

அண்ணன் சுடலைக்கண்ணன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இது யாரு?”

“யாருன்னா? ஒம் மாப்பிள்ள.”

உள்ளேயிருந்து அம்மா சிரித்தாள்.

“இது சிவப்பா இருக்கு.”

“எப்பவும் செவப்பாத்தானட்டி இருந்துச்சு?”

“என்னோடது சாம்பல்.”

துணியைப் பிழிந்தான். நிமிரவில்லை. “அப்போ தோலு உரிச்சிருக்கும். கலர் மாறிட்டு. பி.எஸ்ஸி. படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா? பாகல் மாதிரி கிறுக்குத்தனமாப் பேசாத.”

பாம்பு வந்து எட்டு மாதம். நான் பாம்பைக் கீழே இறக்கினாலே அவன் தெருவுக்குப் போய்விடுவான். பரண் ஏணியில் நின்று, சிவப்பு பல்பின் கீழ் பார்த்ததுதான். அதனால் கடைக்குப் போய்ச் சிவப்பாகக் கேட்டு வாங்கியிருக்கிறான்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். இன்று அவனுடைய சோப்புத் தண்ணீர் வாளியை ஓங்கி உதைத்தேன். சந்து முழுக்க நுரை.

“கறுப்புக் கண்ணுமாண்ணே உரிஞ்சு சிவப்பாச்சு?”

அம்மா வெளியே வந்தாள். “ஏட்டி, கத்தாத. தேவ்நார்க்காரங்க வீடு பாத்துட்டுப் போயி மூணு நாளு ஆகல, அதுக்குள்ள இந்த வீட்டுல சண்டன்னு...”

“எம்மா!” என்றான் அண்ணன்.

அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண் வீட்டார் வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். ஒன்பது நாளும் போனில் பேசினோம். ஒருவரும் சொல்லவில்லை.

“அவங்க வந்தப்ப என் பாம்பு எங்க இருந்துச்சு?”

“பாம்பு இருக்கிற வீட்டுல எவன்ட்டி பொண்ணு குடுப்பான்?” என்றாள் அம்மா. “ஒரு மணி நேரந்தான்னு...”

“நீ சும்மா இரும்மா. அண்ணே, நீ சொல்லு.”

பாம்பை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“அது படுத்திருந்த டப்பாவோட பையில போட்டுக் கட்டினேன். கூரைத் தகரத்து மேல வச்சேன். உச்சி வெயிலு. அவங்க சாப்பிட்டுப் போவ நாலு மணி ஆயிட்டு. இருட்டின பொறவுதான் நெனப்பு வந்துச்சு.”

“செத்துப்போயிருந்துச்சா?”

“தூக்கினேன். அசையல. அப்படியே சாக்கடையில போட்டுட்டேன்.”

“செத்திருந்துச்சான்னு கேட்டேன்.”

அவன் அம்மாவைப் பார்த்தான்.

“பையத் தொறக்கவே இல்லட்டி.”