அனக்கம்

கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் மிக்கேலம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. கிழங்கு முற்றலா என்று கேட்டால் முற்றல்தான் என்று சொல்லிவிடுவாள். வியாபாரம் எப்படி உருப்படும்? அப்பேர்ப்பட்டவளை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிறுத்தி வைத்து ஏட்டு நாராயணபெருமாள் கேட்டார்.

"விழுந்ததுக்கு அனக்கம் உண்டாயிருந்தா?"

உள்ளே அவள் மகள் ஞானப்பூ ரத்தமெல்லாம் போய் வெளுத்துக் கிடந்தாள். புருஷன், குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் மரம் விழுந்து செத்து ஒன்றரை வருஷம். வயிற்றில் ஐந்து மாதம். ஆள் யாரென்று மகள் சொல்லவில்லை, தாய் கேட்கவுமில்லை. எவளோ கொடுத்த கஷாயத்தை முந்தின நாள் குடித்திருக்கிறாள். விடியற்காலையில் பிள்ளை விழுந்தது. ரத்தம் நிற்காமல் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

ஏட்டு மோசமான ஆள் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கும் ரெண்டு பெட்டப்பிள்ள உண்டு. கேட்டுக்கோ. அனக்கம் வச்ச பிறகு, பிள்ள அசைஞ்ச பிறகு, கலைச்சா ஏழு வருசம் வரை உள்ள போடலாம். சட்டமாக்கும். அனக்கம் இல்லேண்ணா ரத்தக்கட்டி விழுந்துதுண்ணு எழுதித் தள்ளிருவேன். உச்சைக்கு வாறேன். வரும்போ கோயில்ல ஞானஸ்நானப் புஸ்தகத்தையும் பாத்துட்டுத்தான் வருவேன். இன்ஸ்பெக்டர் கேப்பாரு."

அனக்கம் இருந்தது. அதுதான் மிக்கேலம்மாளின் தலையெழுத்து. ஒரு சாண் உடம்பில் சுண்டுவிரல் அகலக் கை ஒன்று விரிந்து மூடியதை அவள் கண்ணால் கண்டாள். அடித்துப்பிடித்துச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு, அந்த நெற்றியில் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே என்று ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டாள். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யாரும் கொடுக்கலாம் என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெயர் சூசை. தனக்குப் பிறக்காத கர்த்தரைப் பிள்ளையாக வளர்த்தவர் பெயர் வேறு எது இருக்கிறது? சூசைக்கு மூன்று மூச்சு இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய், சூசையைக் கிடத்தியிருந்த ஓலைப்பெட்டியை எடுத்து மேல்முண்டால் மூடிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். உபதேசியார் செல்வதாஸ் ஞானஸ்நானப் புத்தகத்தை விரித்து, பேனாவை மையில் முக்கினார்.

"வெள்ளம் ஊத்தும்போ உயிரு உண்டாயிருந்தா? இருந்தா பேரு எழுதி கல்லறைத் தோட்டத்துல குழி தரலாம்."

"இல்லேண்ணா?"

"வேலிக்கு அந்தப் பக்கம்."

"உபதேசியாரே, கரு உண்டான அண்ணைக்கே ஆத்துமா உண்டுண்ணு சாமியாரு பிரசங்கம் வச்சாரே?"

"உண்டு. ஞானஸ்நானம் இல்லாத ஆத்துமாவுக்கு இங்க குழி இல்ல."

"ஆத்துமா உண்டு, ஆறடி மண்ணு இல்லியா? இதுக்கு ஒரு முழம் போதுமே!"

உபதேசியார் கையில் பேனா காத்திருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தியின் ஒற்றைச் சொல்லுக்காகக் கோயிலிலும் ஸ்டேஷனிலுமாக இரண்டு புத்தகங்கள் திறந்து கிடந்தன. ஒன்றில் உயிர் உண்டென்று எழுதினால் பேரனுக்குக் கல்லறைத் தோட்டம், மகளுக்கு ஜெயில். கர்த்தரே, இதை என்னிடமா கேட்கிறீர் என்று ஓலைப்பெட்டியை இறுக்கிக்கொண்டாள்.

"இல்ல," என்றாள். "உயிரு இல்ல."

உபதேசியார் புத்தகத்தை மூடினார். முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கவில்லை. வேலிக்கு வெளியே தாழம்புதர் ஓரத்தில், கிழங்கு தோண்டுகிற மாதிரி, கையாலேயே தோண்டினாள். சிலுவை வைக்கவில்லை. வைத்தால் யாராவது கேட்பார்கள்.

உச்சை வெயிலில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ஏட்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்து வராந்தாவில் எழுதிக்கொண்டிருந்தார். "அனக்கம் இல்ல ஏமானே," என்றாள். அவர் தலையாட்டினார். எழுதி முடித்துக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

உள்ளே ஞானப்பூ கண் திறந்து கிடந்தாள்.

"அம்மா, அதுக்கு உயிரு உண்டாயிருந்தா?"

"இல்ல மக்கா. வெறும் கட்டியாக்கும்."

"கள்ளம் சொல்லாத. மருந்து குடிக்க நேரம்கூடக் காலால சவுட்டிச்சு. ரெண்டு ஆழ்ச்சயா, பதினாலு நாளா எனக்க வயித்துல..."

மிக்கேலம்மாள் மகளின் வாயைப் பொத்தினாள். ஜன்னலுக்கு வெளியே ஏட்டின் தொப்பி தெரிந்தது. உள்ளங்கைக்குள் மகளின் அலறல் முட்டி மோதிற்று. கையை எடுக்காமலே குனிந்து காதோடு சொன்னாள்:

"சூசைண்ணு பேரு போட்டேன் மக்கா. வெள்ளம் ஊத்தியாச்சு. நமக்குத் தெரியும், கர்த்தருக்குத் தெரியும். வேற ஆருக்கும் தெரியாண்டாம்."

"வா, கைநாட்டு வை," என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

போனாள். ஏட்டு மைப்பெட்டியை நீட்டியவர், அவள் பெருவிரலைப் பார்த்தார். நகம் நிறைய ஈரமண்.

"கையைக் கழுவிட்டு வந்து வை," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.